பாதியை மறைத்துவிட்டு அகலம் என்கிறார்கள்

தேர்வுத்தாள் திருத்தும் வேலை முடிந்து இன்றுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. கிடைத்த நேரத்தில் நல்லதாக எதையேனும் எழுதியிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்து உறுத்துவதை முதலில் இறக்கி வைக்காமல் வேறெதையும் எழுத என்னால் இயலாது. ஆகவே இது ஒரு சண்டைக் கட்டுரை. விருப்பமில்லாதோர் இங்கேயே விடைபெற்றுக்கொள்ளலாம், வருத்தமில்லை.

ஓர் அமைப்பு. பெயர் வேண்டா, நல்லெண்ணம் கொண்டவர்கள், ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் போட்டிகள் நடத்துகிறவர்கள். இம்முறை அவர்கள் அறிவித்தது நிழற்படப் போட்டி. பொருள், 'அகலத்தில் லிட்டில் இந்தியா'. கருவி, ஒருமுறை மட்டும் பயன்படும் படச்சுருள் கேமரா. கைப்பேசிக்கு அனுமதி இல்லை. அறிவிப்பைக் கண்டதும் நான் துள்ளிக் குதித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. உயர்நிலை இரண்டில் எனக்கு வாய்த்திருக்கும் வகுப்பு சற்றுத் துடிப்பானது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரண்டு சனிக்கிழமைகள் தேக்காவைச் சுற்றினோம். படங்களை வரிசையாக எடுத்து, 4ஆர் அளவில் அச்சிட்டு, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு தெருவின் ஒரு பக்கத்தை முழுமையாக ஒரே பட்டியாக்கி அனுப்பினோம்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காரணங்கள் மூன்று சொன்னார்கள். ஒட்டிய படம் ஒரு படம் ஆகாது என்பது முதலாவது. ஒட்டுத் தெரிகிறது, ஆகவே நேர்த்தி இல்லை என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் என்னை எழுதத் தூண்டியது: அகலப்படம் என்றால் ஒரே சொடுக்கில் எடுத்து, மேலும் கீழும் வெட்டி, ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் அச்சிட்டதாக இருக்க வேண்டுமாம். அந்தக் காலத்துப் பனோரமா கேமராக்கள் அப்படித்தான் செய்தனவாம். மரபைக் காக்க வேண்டுமாம்.

மரபு என்ற சொல்லைத் தமிழாசிரியனிடம் சற்றுக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். அந்த மரபு என்ன என்று பார்ப்போம்.

ஒருமுறைப் பயன்பாட்டுக் கேமராவை 1986-இல் ஜப்பானில் ஃபியூஜிஃபிலிம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே கோடாக் பின்தொடர்ந்தது. அட்டைக்கூட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பிளாஸ்டிக் கண்ணாடி, உள்ளே ஏற்கெனவே சுற்றி வைத்த படச்சுருள். எடுத்து முடித்தால் பெட்டியோடு கடையில் கொடுத்துவிட வேண்டியது. கோடாக் 1989-இல் 'ஸ்டிரெட்ச் 35' என்ற பெயரில் இதன் அகலப் பதிப்பை வெளியிட்டது. பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றும் மூன்றரை அங்குல உயரமும் பத்து அங்குல நீளமுமாக அச்சாகி வரும். கையில் வாங்கியவுடன் யாருக்கும் வாய் பிளக்கும். எனக்கும் பிளந்தது.

அந்தப் பத்து அங்குலம் எங்கிருந்து வந்தது? 35 மில்லிமீட்டர் படச்சுருளில் வழக்கமான ஒரு கட்டம் 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் உயரம். அகலக் கேமராவில் அந்த நீளம் ஒரு மயிரிழைகூடக் கூடவில்லை. அதே 36 தான். உயரத்தைத்தான் குறைத்தார்கள். மேலே ஒரு கறுப்புத் தகடு, கீழே ஒரு கறுப்புத் தகடு. நடுவில் 13 மில்லிமீட்டர் மட்டும் ஒளி படும். பெருக்கிப் பாருங்கள். வழக்கமான கட்டத்தின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். அகலக் கட்டத்தின் பரப்பு 468. காசு கொடுத்து வாங்கிய படச்சுருளில் ஏறத்தாழ 46 விழுக்காடு இருட்டிலேயே கிடந்து, இருட்டிலேயே கழுவப்பட்டு, வெறுமையாகத் திரும்பி வரும். எஞ்சிய கீற்றை ஏழு மடங்கு ஊதிப் பெரிதாக்கித் தருவார்கள். சாதாரண 4ஆர் படம் நாலு மடங்குக்குச் சற்று மேல்தான் பெரிதாக்கப்படுகிறது. அகலப்படங்கள் ஏன் மணல் தூவியதுபோல் இருந்தன என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெட்டிகளில் வழக்கத்தைவிட விரிந்த கோணமுள்ள கண்ணாடியைப் பொருத்தியிருந்தார்கள். ஆகவே பக்கவாட்டில் உண்மையிலேயே சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் தகடு இல்லாமல் இருந்திருந்தால் அதே கண்ணாடி மேலேயும் கீழேயும் கூடுதலாகக் காட்டியிருக்குமே! தகட்டின் வேலை காட்டுவதன்று, மறைப்பது மட்டுமே. 1996-இல் வந்த ஏபிஎஸ் என்னும் படச்சுருள் முறைகூட இவ்வகையில் மேல். அதிலும் 'பி' என்று ஓர் அகல அளவு உண்டு. ஆனால் நெகட்டிவில் முழுக் கட்டமும் பதிவாகிவிடும். அச்சிடும்போது மட்டும் வெட்டுவார்கள். பின்னாளில் மனம் மாறினால் முழுப் படத்தையும் மீட்டுக்கொள்ளலாம். வெட்டியவர்களிலும் நல்லவர் கெட்டவர் உண்டு. அந்தச் சுருளின் தயாரிப்பும் 2011-இல் நின்றுபோயிற்று.

சொல்லையும் பார்த்துவிடுவோம், தொழில் பழக்கம் விடுமா? பனோரமா என்பது கிரேக்க வேர்களைக் கொண்டு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியருக்காக ஆக்கப்பட்ட சொல். ஒரு வட்டக் கூடத்தின் சுவர் முழுதும் ஊர்க்காட்சியை வரைந்து, நடுவில் மக்களை நிறுத்திக் காட்டியவர் அவர். 'பான்' என்றால் எல்லாம். 'ஹொராமா' என்றால் காட்சி. முழுக்காட்சி என்று தமிழில் சொல்லலாம். பாதியை மூடிவிட்டு அதற்கு முழுக்காட்சி என்று பெயர் வைப்பது, வீட்டில் பாதி விளக்கை அணைத்துவிட்டுத் தீபாவளி என்பதைப் போன்றது.

இதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றிய வீண் கோபம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு ஏன் வீணாகப் படவில்லை என்பதைச் சொல்கிறேன்.

என் தந்தையார் டன்லப் ஸ்திரீட்டில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராகச் சேர்ந்து, பின்னர் அதையே ஏற்று நடத்தியவர். திருமண அழைப்பிதழ், கருமாதிக் கடிதம், கடைப் பற்றுச்சீட்டு என எல்லாம் தமிழில். தொண்ணூறுகளின் நடுவில் கடையைக் காலி செய்ய வேண்டி வந்தது. இறுதி நாளன்று நான் ஓர் அகலக் கேமரா வாங்கிக்கொண்டு போனேன். எந்த நிறுவனத்தின் பெட்டி என்பது நினைவில் இல்லை. அது முக்கியமும் அன்று. அப்பா, அப்பாவோடு வேலை செய்த இருவர், என் தாயார், தங்கை ஆகிய ஐவரும் ஐந்தடி நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். வரிசையாக நின்றால் அகலக் கேமராதானே பொருத்தம்? பின்னால் நகர்ந்து பார்த்தேன். எதிர்ச்சுவர் முதுகில் இடித்தது. அதற்கு மேல் போக இடமில்லை. எடுத்தேன்.

அந்தப் படம் இன்றும் என் மேசையில் இருக்கிறது. ஐந்து பேரும் இருக்கிறார்கள். இடப்பக்கம் அடுத்த கடையின் அரிசி மூட்டையும், வலப்பக்கம் யாரோ நிறுத்திய மிதிவண்டியும் மிக நன்றாக விழுந்திருக்கின்றன. பெயர்ப்பலகை இல்லை. அப்பாவின் தலைக்கு மேல் இரண்டு சாண் சுவர் தெரிகிறது; அத்தோடு படம் முடிந்துவிட்டது. அந்தப் பலகை கையால் எழுதப்பட்டது. மேலே சிறிய எழுத்தில் 'முருகன் துணை' என்று இருக்கும். அதிலுள்ள 'ணை' பழைய வடிவம். யானை துதிக்கையை வளைத்துத் தூக்கினாற்போல் முன்னால் ஒரு சுழி ஏறும். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்த பிறகு அந்த வடிவம் பாடநூல்களிலிருந்து மெல்ல மறைந்தது. என் மாணவர்களுள் ஒருவரும் அதை அறியார். அறிமுகப்படுத்த என்னிடம் அப்பாவின் பலகை இருந்திருக்கலாம். அச்சுக்கூலி மட்டும் சாதாரணப் படத்தைவிட அதிகம் கொடுத்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

பலகை எங்கே போயிற்று என்று அப்பாவிடம் பின்னாளில் ஒருமுறை கேட்டேன். "பலகைதானே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே மரபைக் காக்க வேண்டும் என்று ஒருவர் எனக்குக் கடிதம் எழுதினால், எதன் மரபு என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. மரபைத் தேடுவோர் இன்னும் பின்னால் போக வேண்டும். போனால் எங்கே போய்ச் சேருவோம் தெரியுமா? தஞ்சாவூரில்.

லின்னேயஸ் டிரைப் என்றோர் ஆங்கிலேயப் படை அதிகாரி, 1850-களின் பிற்பாதியில் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டவர். 1858-இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் விமான அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். முதலாம் இராசராசன் கோயிலுக்கு வழங்கிய கொடைகளைச் சொல்லும் தமிழ் எழுத்துகள் அவை. அந்தக் கல்வெட்டு வரிகள் ஒரு கட்டத்துக்குள் அடங்குவனவா? அடங்கா. டிரைப் என்ன செய்தார்? கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தினார். ஒரு படம், நகர்ந்து அடுத்த படம், நகர்ந்து மற்றொன்று. இப்படி 21 படங்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளம். இன்றைய கேமராபோல் பையில் போட்டுக்கொண்டு போகும் பொருளன்று அவரது கருவி. பெரிய பெட்டி, மெழுகேற்றிய தாள் நெகட்டிவ், முக்காலி, சுமக்க ஆள்கள். அவ்வளவு பாட்டிலும் அவர் மேலும் கீழும் வெட்டி ஓர் அழகிய கீற்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்பவில்லை. எழுத்து எதுவரை போகிறதோ அதுவரை தாமும் போனார்.

அந்தக் கல்வெட்டுகளை ஹூல்ட்ஸ் பதிப்பித்து அச்சில் கொண்டுவரத் தொடங்கியது 1891-இல்தான். டிரைபின் நெடும்படம் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. தமிழ் எழுத்தைப் படமாக்கிய தொடக்க முயற்சிகளுள் ஒன்றே ஒட்டுப்படமாக இருக்க, ஒட்டிய படம் படமாகாது என்று ஒரு தமிழ் அமைப்பு எனக்கு விதி காட்டுகிறது.

இன்னும் வேண்டுமானால் அமெரிக்காவுக்கும் போகலாம். எட் ருஷே என்ற ஓவியர் 1966-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒரு நெடுந்தெருவிலுள்ள கட்டடம் ஒவ்வொன்றையும் படமெடுத்து, மடித்து மடித்து விரியும் ஒரே நீளத் தாளாக ஒட்டி நூலாக்கினார். அதில் ஒட்டுத் தெரிகிறது. சில கார்கள் பாதியாக நிற்கின்றன. நேர்த்தி இல்லை என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை.

சரி, ஒட்டு ஏன் தெரிய வேண்டும், இப்போதுதான் கைப்பேசியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒட்டே தெரியாத அகலப்படம் வருகிறதே என்று என் உடன் பணியாற்றும் இளைய ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கைப்பேசியைச் சுழற்றும்போது நீங்கள் ஓரிடத்தில் நின்று சுழல்கிறீர்கள். நடுவிலுள்ள கடை உங்களுக்கு அருகில். ஓரத்திலுள்ள கடை தொலைவில். ஆகவே நடுக்கடை வீங்கும், ஓரக்கடைகள் சுருங்கும். நேர்க்கோடான கடைவரிசை வாழைப்பழம்போல் வளைந்து வரும். அந்தக் காலப் பள்ளிகளில் முழுப் பள்ளியையும் ஒரே படத்தில் எடுக்கச் சுழலும் கேமரா கொண்டுவருவார்கள். அதற்காகவே மாணவர்களை வில்போல் வளைத்து நிறுத்துவார்கள். அப்போதுதான் படத்தில் வரிசை நேராக விழும். (கேமரா ஒரு கோடியிலிருந்து சுழலத் தொடங்கியதும், அங்கே நின்ற குறும்பன் பின்புறமாக ஓடி மறுகோடியில் போய் நின்று இருமுறை விழுவதும் உலகம் முழுதும் நடந்த கூத்து.) கடைகளை வளைத்து நிறுத்த முடியாதல்லவா? டிரைபைப்போல் நாம்தான் நடக்க வேண்டும்.

நடப்பதற்கு இந்த மலிவுப் பெட்டியைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை என்பது என் துணிபு. பழமை மோகத்தால் சொல்லவில்லை. படச்சுருளில் எடுத்தால் 'உணர்வு' வருகிறது என்று சொல்லித் திரிகிறவர்களைக் கண்டால் எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது. காரணம் வேறு. கைப்பேசி ஒவ்வொரு படத்துக்கும் ஒளியைத் தானே கூட்டிக் குறைக்கும். வெள்ளைச் சுவர் வந்தால் ஒரு மாதிரி, இருண்ட கடைவாசல் வந்தால் வேறு மாதிரி. ஒட்டினால் சட்டையில் வேறு துணி ஒட்டுப் போட்டதுபோல் இருக்கும். அட்டைப்பெட்டிக்கோ அறிவே கிடையாது. ஃபியூஜியின் பெட்டியில் கண்ணாடி 32 மில்லிமீட்டர், துளை எஃப்10, நேரம் நொடியில் 140-இல் ஒரு பங்கு, அவ்வளவுதான். மாற்ற ஒரு திருகும் இல்லை. 27 படமும் ஒரே அளவில் ஒளி வாங்கும். ஒட்டுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நண்பகல் வெயிலில் இந்த அளவு தேவையைவிட ஏழு மடங்கு ஒளியை உள்ளே விடும் என்பது உண்மையே. வண்ண நெகட்டிவ் அதைத் தாங்கும். அதே அளவுதான் ஐந்தடியின் நிழலுக்குள் இருக்கும் பூக்கடையையும் தெரியச் செய்கிறது. இரவில் மட்டும் இந்தப் பெட்டியை நம்பாதீர்கள். அதன் மின்னொளி மூன்று மீட்டருக்கு மேல் எட்டாது. தீபாவளி அலங்கார வளைவை நோக்கிச் சிராங்கூன் சாலையில் பளிச் பளிச்சென்று அடிப்போரை ஆண்டுதோறும் காண்கிறேன். முன்னால் நிற்பவரின் பிடரி மட்டும் மிகத் தெளிவாக விழும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன்; என் மாணவர்கள் வகுப்பறையின் கரும்பலகையில் போட்ட கணக்கு. கடைவரிசைக்கு எதிரே 10 மீட்டர் தொலைவில் நிற்கிறோம் என்று கொள்க. கேமராவை நெட்டாகப் பிடித்தால் ஒரு படத்தில் ஏழரை மீட்டர் அகலமும், தரையிலிருந்து 7 மீட்டர் உயரமும் விழும். ஐந்தைந்து மீட்டராக நகர்ந்தால் அடுத்தடுத்த படங்களில் மூன்றில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும்; ஒட்டுவதற்கு அது போதும். 27 படங்களில் ஏறத்தாழ 135 மீட்டர் தெரு அடங்கிவிடும். இப்போது அமைப்பினர் விதிப்படி கேமராவைக் கிடையாகப் பிடித்து மேலும் கீழும் வெட்டுவோம். தரையிலிருந்து மூன்றரை மீட்டரோடு படம் முடிந்துவிடுகிறது. விரிந்த கண்ணாடியுள்ள பழைய பனோரமாப் பெட்டியாக இருந்தாலும் 4 மீட்டர் அளவிலேயே நின்றுவிடும். கடைவீட்டில் பெயர்ப்பலகை எங்கே இருக்கிறது? ஐந்தடித் தூண்களுக்கு மேலே, மாடிச் சன்னலுக்குக் கீழே. வெட்டு மிகச் சரியாக அங்கேதான் விழுகிறது. கத்தியைத் தீட்டி, குறிபார்த்து, தமிழ் எழுத்து இருக்கும் இடத்தில் வெட்டினாற்போல!

கேமராவை அண்ணாந்து பிடிக்கலாமே என்பீர்கள். பிடிக்கலாம். பலகை வரும்; கீழே நிற்கும் மனிதர்கள் போய்விடுவார்கள். பலகையா, மனிதரா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் விதி எதற்கு? அப்பாவின் கடைவாசலில் நின்று ஒருமுறை நான் தேர்ந்தெடுத்துவிட்டேன். என் மாணவர்களை அந்த நிலையில் நிறுத்த மாட்டேன்.

அவர்கள் செய்த வேலையைச் சற்றுச் சொல்லுகிறேன், பெருமைக்காகத்தான். எதிர்ப்புற நடைபாதையில் ஐந்து மீட்டருக்கொரு சுண்ணக்கட்டிக் கோடு. ஒருவர் கேமரா, ஒருவர் கோடு, ஒருவர் எண்ணிக்கை, ஒருவர் வாகனக் காவல். நான்காம் படத்தில் விரல் விழுந்தது. ஒன்பதாம் படத்தை ஒரு சரக்கு வண்டி முழுதாக விழுங்கியது. பதினான்காவதில் படச்சுருளைத் திருக மறந்து, பொத்தான் அமுங்கவில்லை என்று ஐந்து நிமிடம் கேமராவை ஏசினார்கள். முன்பே கடையில் சொல்லி வைத்திருந்தேன்: ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே நிறம் திருத்த வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே அளவில் அச்சிடுங்கள், நெகட்டிவைத் திருப்பித் தாருங்கள். (இந்த மூன்றாவதை மறவாமல் சொல்லுங்கள். இக்காலத்தில் கணினிப் படிவத்தை மட்டும் கொடுத்துவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போடும் கடைகள் உண்டு.) இரண்டு மாஜோங் தாளை நீளவாக்கில் சேர்த்து, அதன்மேல் படங்களை ஒட்டினார்கள். சரக்கு வண்டி வந்த இடத்தை என்ன செய்வது என்று ஒரு விவாதம். மறுவாரம் போய் எடுத்துச் சேர்க்கலாம் என்றார் ஒருவர். கூடாது, அன்றைய தெருவில் அன்று வண்டிதான் நின்றது என்றார் மற்றவர். வண்டி வென்றது.

ஒட்டி முடித்து விரித்தபோது ஏறத்தாழ ஆறடி. எல்லாரும் குனிந்து பலகைகளைப் படிக்கத் தொடங்கினார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. வாய்விட்டுப் படித்தார்கள். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் வாயைத் திறக்காத ஒரு பையன், நகைக்கடைப் பலகையையும் பயணச்சீட்டு முகவர் பலகையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தான். தமிழ் எழுத்துள்ள பலகை எத்தனை, இல்லாதது எத்தனை என்று எண்ணினோம். அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. நீங்களே ஒருநாள் நடந்து எண்ணிப் பாருங்கள். என் வாயால் கேட்பதைவிட அது நன்றாக உறைக்கும்.

பத்தொன்பதாம் படத்தில் ஒரு மாணவி விரலை வைத்தாள். கீழே கைப்பேசி அட்டை விற்கும் கடை. மேலே, மாடிச் சன்னலுக்கு அருகில், சாயம் பூசி மூடிய சுதைச்சுவரில் புடைத்த எழுத்துகள். "சார், இது என்ன எழுத்து?" பழைய 'லை'. நான் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன். ஆயிரம் முறை அதன் கீழே நடந்திருக்கிறேன். ஒருமுறையும் பார்த்ததில்லை.

விதிப்படி எடுத்திருந்தால் அந்த எழுத்துக் கறுப்புத் தகட்டுக்குள் போயிருக்கும். இதைத்தான் நான் போட்டி நடத்துவோருக்குக் கடிதமாகவும் எழுதினேன். எல்லாருக்கும் ஒரே கருவி, ஒரே முறை என்றால்தான் நடுநிலை என்று பதில் வந்தது. ஒரே கருவிதானே ஐயா நாங்களும் பயன்படுத்தினோம்? நாங்கள் சேர்த்தது கால்களை மட்டும். நடப்பதற்கு எந்தப் பிள்ளைக்கும் தடையில்லை, செலவும் இல்லை.

வேறொரு தரப்பினருக்கும் விடை சொல்லியாக வேண்டும். இந்தக் காலத்தில் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுப்பது முறையா என்று ஒரு பெற்றோர் கேட்டார். கேள்வி நியாயமானது. கழுவும் கடைகளிலிருந்து வெறும் பெட்டிகளைத் தயாரிப்பாளர்கள் திரும்பப் பெற்று மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு உண்டு. எல்லாப் பெட்டியும் திரும்பப் போகிறதா என்று என்னிடம் சத்தியம் கேட்காதீர்கள். ஆகவே நாங்கள் நாற்பது பேருக்கு நாற்பது வாங்கவில்லை. ஒரு தெருவுக்கு ஒன்று என நான்கு வாங்கினோம். விலையும் அதற்கு மேல் இடம் கொடுக்காது. கைப்பேசியிலும் இதே வேலையைச் செய்யலாம். ஒளியளவைப் பூட்டிவிட்டு, கோட்டுக்குக் கோடு நகர்ந்து எடுத்தால் ஆயிற்று. யார் தடுத்தார்கள்? செய்கிறவர்கள்தாம் இல்லை. கைப்பேசியில் இருபத்தேழு என்ற எல்லை இல்லை, ஆகவே எண்ணுவதில்லை, எண்ணாததால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று யோசிப்பதும் இல்லை.

ஒன்று மட்டும் அமைப்பினரிடம் வேண்டுகிறேன். விதியை மாற்ற மனமில்லையெனில் தலைப்பையாவது மாற்றிவிடுங்கள். 'ஒடுக்கத்தில் லிட்டில் இந்தியா' என்று வைத்தால் வழக்கே இல்லை. எங்களுக்குப் பரிசு வேண்டா. பட்டியைத் திருப்பி அனுப்பியபோது நடுவில் மடித்து அனுப்பியிருக்கிறீர்கள். பதினொன்றாம் படத்தின் குறுக்கே மடிப்பு விழுந்துவிட்டது. அதற்கு மட்டும் ஒரு வருத்தம் தெரிவித்திருக்கலாம்.

பட்டி இப்போது எங்கள் பள்ளி நூலகத்துக்கு வெளியே உள்ள சுவரில் இருக்கிறது. அடுத்த நடை பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை, கர்பாவ் ரோட்டின் கடைவரிசை. காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறுமுன். சுண்ணக்கட்டியும் மாஜோங் தாளும் நான் கொண்டு வருகிறேன். மற்றப் பள்ளி ஆசிரியர்கள் எவரேனும் மாணவர்களோடு வர விரும்பினால் மின்னஞ்சல் அனுப்புங்கள். குடையை மறவாதீர்கள்.